பிணமாகக் கிடப்பது நடிப்பா? நாகேஷை முன்வைத்து ஒரு சண்டை

தாராபுரத்தான்:
நேற்று ஒரு பழைய படக் குழுவில் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன். "நாகேஷைப் பல்துறை நடிகர் என்று தூக்கிப் பிடிக்கிறார்கள். காமெடியன், அவ்வளவுதான். மகளிர் மட்டும் படத்தில் பிணமாகப் படுத்துக் கிடந்ததைக்கூட நடிப்பு என்று எழுதுகிற கூட்டம் இது." இதற்கு 80 பேர் கைதட்டல் வேறு.
ஐயா, சர்வர் சுந்தரம் பார்த்தீர்களா? 1964. தட்டு தூக்குகிற பையன் சினிமாவில் பெரிய ஆளாகி, கடைசியில் தாயைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறான். அதில் எங்கே காமெடியன் இருக்கிறான்? நீர்க்குமிழி 1965, புற்றுநோயில் சாகப் போகிறவன் ஆஸ்பத்திரி முழுக்கக் கலகலப்பாகச் சுற்றுகிறான். மேஜர் சந்திரகாந்த், தங்கைக்காகக் கொலை செய்துவிட்டு வருகிற தையல்காரன். எதிர்நீச்சல், மாடிப்படி மாது, அநாதை. தில்லானா மோகனாம்பாள், வைத்தி, பார்த்தாலே அறையத் தோன்றும். அபூர்வ சகோதரர்கள், நான்கு வில்லன்களில் ஒருவர். இத்தனையையும் தாண்டி, பிணமாகக் கிடந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், அதுவும் நடிப்புதான். யாருக்கு மறுப்போ வரலாம்.

வைகைக்கரை:
வந்துவிட்டேன். மற்றதை விடுங்கள் தம்பி, அந்தக் கடைசி வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பிணமாகக் கிடப்பது நடிப்பு என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கலைமாமணி கொடுக்க வேண்டும். சினிமாவில் ஒரு ஷாட் எத்தனை வினாடி? மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தால் போதும், டைரக்டர் கட் சொன்னதும் எழுந்து டீ குடிக்கலாம். இதை நடிப்பு என்று சொல்கிறவர்கள் மேடையில் பிணம் பார்த்ததில்லை.

நெல்லைச்சீமை:
அண்ணன் சொல்வது சரி. அப்புறம் பல்துறை நடிகர் என்ற சொல்லையே டி.எஸ்.பாலையாவுக்கு வைத்துவிட்டு மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்குக் கொடுங்கள். 1936 சதி லீலாவதியில் தொடங்கியவர். வேலைக்காரியில் ஒரு மாதிரி, தூக்குத் தூக்கியில் சேட்டு, மதுரை வீரனில் வில்லன், திருவிளையாடலில் ஹேமநாத பாகவதர். ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

தாராபுரத்தான்:
வைகைக்கரை அண்ணே, படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறீர்களா? அது ஒரே ஷாட் இல்லை. காபியில் எலி மருந்து கலந்துவிட்டோம், மேனேஜர் செத்துவிட்டார் என்று பயந்துபோய் மூன்று பெண்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வேறு யாருடைய பிணத்தையோ எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். தூக்குகிறார்கள், இழுக்கிறார்கள், உட்கார வைக்கிறார்கள், சாய்கிறது, நிமிர்த்துகிறார்கள். அந்த உடம்பில் ஓர் இடத்திலாவது உயிர் தெரிகிறதா? ஊர்வசியும் ரேவதியும் ரோகிணியும் அத்தனை ஆட்டம் ஆடும்போது நம் கண் யார் மேல் நிற்கிறது? வசனம் ஒன்றுகூட இல்லாதவர் மேல்.

வைகைக்கரை:
கண் நிற்பது பிணத்தின் மேல், நாகேஷின் மேல் இல்லை. ஒரு மூட்டையை வைத்து இழுத்திருந்தாலும் அங்கேதான் கண் நின்றிருக்கும்.

மாடிவீடு:
மூட்டைக்குச் சிரிப்பு வருமா அண்ணே? தியேட்டரே அல்லோலகல்லோலப்பட்டதே.

வைகைக்கரை:
அது கிரேசி மோகன் எழுதியது, சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்தது. கிடந்தவருக்கு என்ன பங்கு?
சரி, என் கதையைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். என் அப்பா ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேஷக்காரர். மானாமதுரைப் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழா, அரிச்சந்திர மயான காண்டம். லோகிதாசனாக வர வேண்டிய பையனுக்குக் காய்ச்சல் என்று என்னைப் போட்டுவிட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. தர்ப்பை அறுக்கப் போய், பாம்பு தீண்டிச் சாகிறேன். விழுந்தது ராத்திரி இரண்டு மணிக்கு. அதற்கப்புறம் சந்திரமதி வந்து, என்னை மடியில் போட்டுப் புலம்பி, சுமந்துகொண்டு சுடுகாட்டுக்கு வந்து, அங்கே அரிச்சந்திரன் முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கேட்டுத் தர்க்கம் செய்து, இரண்டு பேரும் மாறி மாறி விருத்தம் பாடி முடிக்கிற வரை நான் பிணம். நாற்பது நிமிஷத்துக்குக் குறையாது. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிற கிழவிகளுக்கும் எனக்கும் நான்கு முழம்தான் இடைவெளி. அவர்கள் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். லேசாக ஏறி இறங்கினால்கூட "ஏய் புள்ளை மூச்சு விடுது" என்று சத்தம் வந்துவிடும்.
அன்றைக்கு ஒரு கட்டெறும்பு என் காதுமடலில் ஏறியது. கடித்துவிட்டது. உயிரே போகிறது, கண்ணோரம் தண்ணீர் முட்டுகிறது. சந்திரமதி வேஷம் கட்டிய அம்மா பாட்டை நிறுத்தவே இல்லை, அழுது முகம் துடைப்பதுபோல் முந்தானையை எடுத்து, என் முகத்தையும் சேர்த்துத் துடைப்பதுபோல், காதில் இருந்த எறும்பைத் தட்டிவிட்டார். சபையில் ஒருவருக்கும் தெரியாது. விடிந்ததும் என் காது வடை மாதிரி வீங்கியிருந்தது.
இதுதான் பிணமாக நடிப்பது. கட் கிடையாது, ரீடேக் கிடையாது.

இரவுப்பணி:
அண்ணே, படிக்கும்போதே என் காது வலிக்கிறது. ஆனால் உங்கள் கதையே நீங்கள் சொன்னதற்கு எதிராக நிற்கிறதே. ஒன்பது வயதுப் பையனாக நீங்கள் கிடந்தது நடிப்பு என்றால், 60 வயதில் நாகேஷ் கிடந்ததும் நடிப்புதானே?

வைகைக்கரை:
நான் கிடந்தது மேடையில் அம்மா. அவர் கிடந்தது செட்டில். இரண்டும் ஒன்றாகாது.

இரவுப்பணி:
நான் அரசு ஆஸ்பத்திரியில் 19 வருடம் நர்சாக இருக்கிறேன். பிணத்தைப் பற்றி நானும் கொஞ்சம் பேசலாம் இல்லையா?
உயிர் போன கொஞ்ச நேரத்துக்கு உடம்பு ரொம்பத் தளர்வாக இருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடையிலும் கழுத்திலும் விறைப்பு ஆரம்பிக்கும், ஏறக்குறைய 12 மணி நேரத்தில் முழு உடம்பும் கட்டை மாதிரி ஆகிவிடும், அதற்கப்புறம் மெதுவாகத் தளரும். தளர்வாக இருக்கிற உடம்பைத் தூக்குவதுதான் கஷ்டம். ஏன் தெரியுமா? உயிரோடு இருக்கிற ஒருவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பாருங்கள். மயக்கத்தில் இல்லாத யாராக இருந்தாலும் அவரை அறியாமல் தோளை இறுக்குவார், கழுத்தைப் பிடித்துக்கொள்வார். விழுந்துவிடுவோம் என்ற பயம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. செத்தவருக்கு அது கிடையாது, தலை எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் உறைப்பது அந்தத் தலைதான்.
நான் அந்தப் படத்தைப் பார்த்தபோது சிரிக்கவில்லை. அவரை இழுக்கிற இடங்களில் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்துவிடுவோம் என்ற பயத்தை ஒரு மனிதர் எப்படி உடம்பிலிருந்து எடுத்து வைத்தார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மூச்சைப் பிடிப்பது பெரிய விஷயமே இல்லை அண்ணே. கழுத்தை விடுவதுதான் பெரிய விஷயம்.

தாராபுரத்தான்:
அக்கா, இந்த ஒரு பதிவை நான் பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறேன். இப்போது சொல்லுங்கள் வைகைக்கரை அண்ணே.

வைகைக்கரை:
என்னத்தைச் சொல்ல? கழுத்தை விடுவதை எந்தப் பபூனும் செய்வான். குடிகாரன் வேஷத்தில் வந்து முதுகில் தொங்குகிற பபூன் கழுத்தை விடாமலா தொங்குகிறான்? மூச்சுதான் கேள்வி. மூச்சு.

ரீல்பெட்டி:
மூச்சைப் பற்றித்தானே கேள்வி? அப்படியானால் நான் பேச வேண்டும். 1994-ல் நான் ஒரு தியேட்டரில் ஆபரேட்டர். மகளிர் மட்டும் எங்களிடம் ஓடியபோது தினம் நான்கு காட்சி, நான்கையும் துவாரம் வழியாகப் பார்த்தவன். முதல் இரண்டு நாள் எல்லோரையும் போலச் சிரித்தேன். மூன்றாம் நாள் எனக்கு ஒரு வீம்பு வந்தது, இந்த ஆள் எங்கேயாவது மூச்சு விட்டிருப்பார், கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று. அதற்கப்புறம் அந்த ரீல் வரும்போதெல்லாம் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைக்குக் கீழே வயிற்றைத்தான் பார்த்தேன். தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிய நாள் வரை எனக்கு அகப்படவில்லை.
ஆயிரம் அடி ரீல் 11 நிமிஷம் ஓடும். நிமிஷத்துக்கு 90 அடி. ஷாட் சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சின்ன ஷாட்டை எடுக்க எத்தனை தடவை படுக்க வேண்டியிருந்திருக்கும்?

வைகைக்கரை:
அப்படியானால் அது எடிட்டருடைய பெருமை. மூச்சு விட்ட துண்டை வெட்டித் தூரப் போட்டிருப்பார். நாகேஷ் கணக்கில் ஏன் எழுதுகிறீர்கள்?

ரீல்பெட்டி:
வெட்டினால் தையல் தெரியும் ஐயா. அந்தத் தையலைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு 22 வருடம் சம்பளம் வந்தது.

வைகைக்கரை:
உங்கள் சம்பளத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

நெல்லைச்சீமை:
எல்லோரும் பிணத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். நான் பாலையாவைப் பற்றிக் கேட்டேன், ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. காதலிக்க நேரமில்லை படத்தில் கதை சொல்கிற காட்சி. ஊரே நாகேஷ் நாகேஷ் என்கிறது. நாகேஷ் கத்துகிறார், வாயாலேயே கதவைத் திறக்கிறார், நாய் மாதிரி, நரி மாதிரி என்னென்னமோ செய்கிறார். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் பாலையா. பயம் அவர் முகத்தில் படிப்படியாக ஏறுகிறது பாருங்கள், அதுதான் அந்தக் காட்சி. கேட்கிறவன் பயப்படாவிட்டால் சொல்கிறவன் பைத்தியக்காரன்.

தாராபுரத்தான்:
சொல்கிறவன் ஒழுங்காகச் சொல்லாவிட்டால் கேட்கிறவன் எதைப் பார்த்துப் பயப்படுவான்? நாகேஷ் செய்த அந்தச் செல்லப்பாவிடம் என்ன இருந்தது? கேமரா கிடையாது, காசு கிடையாது, ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்று ஒரு பேர்ப்பலகை மட்டும்தான். அந்த அறையில் வேறு ஒன்றுமே இல்லாமல் வெறும் வாயையும் கையையும் வைத்து ஒரு முழுப் பேய்ப்படத்தை ஓட்டிக் காட்டுகிறார்.

நெல்லைச்சீமை:
நான் சொன்னதையே நீங்களும் சொல்கிறீர்கள். ஓட்டிக் காட்டினார் சரி, யார் பார்த்தது? பாலையா பார்த்தார். நாம் பாலையாவின் கண் வழியாகத்தான் அந்தப் படத்தைப் பார்த்தோம்.

மாடிவீடு:
பாமா விஜயத்தில் பாலையா அப்பா, நாகேஷ் பிள்ளை. வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாமே.

நெல்லைச்சீமை:
விளையாட்டு இல்லை தம்பி. 1972-ல் அந்த மனிதர் போனபோது வயது 58கூட நிறையவில்லை. இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் "யாரு, அந்தப் பேய்க்கதை கேக்கறவரா" என்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

வைகைக்கரை:
பாலையாவை இதில் இழுக்காதீர்கள், அவர் மேடையறிந்தவர். நான் பிணத்துக்கே வருகிறேன்.
தாராபுரத்தாரே, நீங்கள் தலைப்பில் நாகேஷை மேடை நடிகர் என்று போட்டால்கூட எனக்கு ஆட்சேபம் உண்டு. ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாகப் பகலெல்லாம் கணக்கெழுதிவிட்டுச் சாயங்காலம் சபாவில் இரண்டு மணி நேரம் நாடகம் போட்டவர்கள் அவர்கள். அந்த நாடகத்தை எழுதிய கே.பாலசந்தரும் ஏ.ஜி. ஆபீஸ் என்கிற அரசுக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற சபை. மேடை என்றால் என்ன என்று நான் சொல்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை ஆரம்பித்தாரே, அந்த மாதிரி இடத்தில் எட்டு வயதில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அப்படி வந்தவர்கள். பி.யு.சின்னப்பா கம்பெனியில் வளர்ந்தவர். எம்.ஆர்.ராதா கம்பெனி கம்பெனியாகத் திரிந்தவர். பாட்டு, வசனம், சண்டை, வேஷம், பசி, அடி எல்லாம் அங்கேதான். ராதா ரத்தக்கண்ணீரில் குஷ்டரோகியாக வந்து நிற்பாரே, அது மேடையில் ஊர் ஊராகப் போட்டுப் போட்டு ஊறிய வேஷம். 1954-ல் படமாக வந்தது அதனுடைய நிழல். சபாக்காரர்களை அந்த வரிசையில் வைக்காதீர்கள்.

தாராபுரத்தான்:
அண்ணே, பகலில் ஆபீஸ் போனால் மேடை தீட்டாகிவிடுமா? ரயில்வே நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகக் கொஞ்ச நேரம் வந்துபோனவரைப் பார்த்துத்தான் தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டிப் பரிசு கொடுத்தார். நாடகத்தில் அவர் கதாநாயகனும் இல்லை, ஒன்றும் இல்லை. வயிற்றுவலி. அவ்வளவுதான் வேஷம். அதற்கப்புறம் சர்வர் சுந்தரம் மேடையில் போட்டது, எதிர்நீச்சல் மேடையில் போட்டது, நீர்க்குமிழி மேடையில் போட்டது. மூன்றுமே நாடகமாக ஓடிப் படமானவை. அம்மைத் தழும்பு விழுந்த முகம், ஈர்க்குச்சி உடம்பு, எந்தக் கம்பெனியும் ராஜபார்ட் கொடுத்திருக்காது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு கதாநாயகனாக நின்றார்.

வைகைக்கரை:
வயிற்றுவலி, பிணம். உங்கள் ஆளுக்கு நோயும் சாவும்தான் ராசி போலிருக்கிறது.

இரவுப்பணி:
இது தேவையில்லாத பேச்சு அண்ணே.

தாராபுரத்தான்:
சொல்லிவிட்டுப் போகட்டும் அக்கா. போன வருடம் சின்னப்பா இழையில் இவர் உத்தமபுத்திரன் வருடத்தைத் தப்பாகப் போட்டபோது, 1940 என்று திருத்தியவன் நான். அன்றிலிருந்து என் பெயரைப் பார்த்தாலே இவருக்கு ஆகாது.

வைகைக்கரை:
அது தட்டச்சுப் பிழை. ஒரு எண் மாறிப்போனது. அதை வைத்துக்கொண்டு நீங்கள் நான்கு நாள் என்னைக் கிழித்தீர்கள். என் அப்பாவைப் பற்றிக்கூட ஒருவர் எழுதினார், யாரென்று எனக்குத் தெரியும், அவர் இங்கேயும் இருக்கிறார். மேடைக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு வரலாறு தெரியாது என்று எழுதினீர்கள். ஊரில் நாடகம் குறைந்துபோய் அப்பா அரிதாரப் பெட்டியை விற்றது எனக்குத் தெரியும். அதை எந்த வருடம் என்று கேட்காதீர்கள், அதுவும் தெரியும்.

மாடிவீடு:
சரி சரி. பழசைக் கிளறாதீர்கள் இருவரும்.

நெறியாளர்:
தனிப்பட்ட பேச்சு வேண்டாம். தலைப்புக்குள் பேசுங்கள்.

ரீல்பெட்டி:
தலைப்புக்கே வருகிறேன். யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா, அதே 1994-ல்தான் நம்மவர் வந்தது. வருடத் தொடக்கத்தில் மகளிர் மட்டும், தீபாவளிக்கு நம்மவர். ஒன்றில் பிணம். இன்னொன்றில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியர். அதற்குத்தான் சிறந்த துணை நடிகர் தேசிய விருது. 1959-ல் தாமரைக்குளத்தில் தொடங்கியவருக்கு 35 வருடம் கழித்து. அதுவும் ஆசிஷ் வித்யார்த்தியோடு பங்கு போட்டு.
எங்கள் தியேட்டரில் நம்மவரும் ஓடியது. மகள் செத்த காட்சியில் அவர் அழுகிறாரா, பேசுகிறாரா, சிரிக்கிறாரா என்று புரியாது. பழைய நாகேஷ் என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் வாயை மூடிக்கொண்டதை நான் மேலேயிருந்து கேட்டிருக்கிறேன். சிரிப்பு அறுந்து விழுகிற சத்தம் தனி. ஒரே வருடத்தில் செத்தவராகவும் வந்தார், சாவைப் பார்த்தவராகவும் வந்தார். இதைப் பல்துறை என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது?

வைகைக்கரை:
நம்மவரை நான் மறுக்கவே இல்லையே. நம்மவர் நடிப்பு. விருது சரி. நான் மறுப்பது பிணத்தை மட்டும். நூறு தடவை சொல்லிவிட்டேன். விருதுக்குழுவும் நம்மவருக்குத்தானே கொடுத்தது, பிணத்துக்குக் கொடுக்கவில்லையே?

தாராபுரத்தான்:
விருதை வைத்து அளப்பதானால் அந்த மனிதருக்கு ஒரு பத்மஸ்ரீகூடக் கிடையாது. அதற்காக அவர் நடிகர் இல்லை என்று சொல்வீர்களா? 2009 ஜனவரி 31-ஆம் தேதி போனார். 75 வயது. நான் தாராபுரத்திலிருந்து கிளம்பவில்லை, டிவியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேனல் சேனலாகத் தருமியைத்தான் போட்டார்கள். தருமி, தருமி, தருமி. எனக்குக் கோபம்கோபமாக வந்தது. தருமி வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதுவை எங்கே காணோம்? வைத்தியை எங்கே காணோம்? அன்றைக்கு முழுக்க அவரைச் சிரிப்பு நடிகராகவே வைத்து அனுப்பினார்கள்.

நெல்லைச்சீமை:
திருவிளையாடலில் தருமியைப் போட்டார்கள், ஹேமநாத பாகவதரை யார் போட்டார்கள்?

மாடிவீடு:
பாகவதருக்குப் பாட்டு பாலமுரளி பாடியது. அந்தப் பெருமையில் பாலையாவுக்கு எத்தனை பங்கு என்று நாம் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

நெல்லைச்சீமை:
ஆரம்பிக்கவும் வேண்டாம். குரல் வேறு, கர்வம் வேறு. அந்தப் பாட்டில் கர்வம் முழுக்கப் பாலையாவுடையது. தோளையும் கண்ணையும் பாருங்கள்.

தாராபுரத்தான்:
பார்த்தீர்களா, பாலையாவுக்கு என்றால் குரல் இல்லாமலே நடிப்பு இருக்கிறது. நாகேஷுக்கு என்றால் அசையாமல் கிடந்தால் நடிப்பு இல்லை. இது என்ன நியாயம்?

நெல்லைச்சீமை:
நான் பிணத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை ஐயா! வைகைக்கரையிடம் கேளுங்கள்.

தாராபுரத்தான்:
முதல் பதிவிலேயே "அண்ணன் சொல்வது சரி" என்று எழுதியது யார்?

இரவுப்பணி:
எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வைகைக்கரை அண்ணே, நீங்கள் லோகிதாசனாகக் கிடந்தபோது மூச்சு எப்படி விட்டீர்கள்? நாற்பது நிமிஷம் யாராலும் மூச்சைப் பிடிக்க முடியாது. ஏதோ வழி இருந்திருக்க வேண்டும் இல்லையா?

வைகைக்கரை:
இதைக் கேட்டீர்கள் பாருங்கள், இதுதான் கேள்வி. அப்பா முதல் நாள் ராத்திரி சொல்லிக்கொடுத்தார். வயிற்றால் மூச்சு விடாதே, விலாவின் பின்பக்கத்தால் விடு, தரை தாங்கிக்கொள்ளும் என்றார். தரையில் படுக்கப்போட்டு என் வயிற்றில் ஒரு பித்தளைச் செம்பை வைத்தார். தளும்பத் தளும்பத் தண்ணீர். தண்ணீர் அசையாமல் நூறு எண்ண வேண்டும். அசைந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. அம்மா ஒரு பக்கம் சத்தம் போடுகிறாள், பிள்ளைக்குச் சோறு போடவிடுங்கள் என்று. பாடுகிற ஆள் உச்சத்துக்குப் போகும்போது சபையே அவர்களைப் பார்க்கும், அப்போது பெரிய மூச்சாக ஒன்று எடுத்துக்கொள், ஆர்மோனியம் இறங்குவதற்குள் விட்டுவிடு என்றார். மயான காண்டம் பாட்டில் எந்த எந்த இடத்தில் மூச்சு விடலாம் என்று எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

இரவுப்பணி:
அப்படியானால் நாகேஷும் அப்படித்தானே செய்திருக்க வேண்டும்? ஊர்வசி கத்துகிற இடத்தில் எடுத்து, ரேவதி பேசுகிற இடத்தில் விட்டு.

வைகைக்கரை:
அவருக்கு யார் செம்பு வைத்தார்கள்?

ரீல்பெட்டி:
யாரும் செம்பு வைக்காமல் அதைச் செய்தார் என்றால் இன்னும் பெரிய நடிகர் இல்லையா ஐயா?

வைகைக்கரை:
இல்லை. அது உங்கள் ஊகம். ஷாட் சின்னது, மூச்சைப் பிடித்துக்கொண்டார், முடிந்தது. நான் மறுபடியும் சொல்கிறேன், எனக்கு நாகேஷ் மேல் பகை ஒன்றும் கிடையாது. அனுபவி ராஜா அனுபவியில் இரட்டை வேஷம் போட்டதை மூன்று தடவை காசு கொடுத்துப் பார்த்தவன் நான். நாகேஷ் பெரிய நடிகர், ஆனால் பிணமாகக் கிடந்தது நடிப்பு இல்லை.

தாராபுரத்தான்:
பெரிய நடிகர் என்று உங்கள் வாயால் வந்துவிட்டது. அதைப் பழைய படக் குழுவில் அப்படி எழுதியவருக்கு அனுப்புகிறேன், இணைப்போடு.

வைகைக்கரை:
பாதியை வெட்டி அனுப்பாதீர்கள். "ஆனால்" என்ற இடத்திலிருந்து அனுப்புங்கள். நீங்கள் வெட்டுவீர்கள் என்று தெரிந்துதான் நான் இப்போதே படம் பிடித்து வைத்துவிட்டேன்.

நெல்லைச்சீமை:
பாலையாவுக்கு நான் தனியாக ஓர் இழை தொடங்குகிறேன். அங்கே நாகேஷ் பெயரை யாரும் எடுக்கக் கூடாது.

தாராபுரத்தான்:
காதலிக்க நேரமில்லையை எடுக்காமல் பாலையாவைப் பற்றி எத்தனை பதிவு எழுதுவீர்கள் என்று பார்க்கிறேன்.
ரீல்பெட்டி ஐயா, ஓர் உதவி. அந்தப் பிணக் காட்சிகள் உங்கள் ஞாபகத்தில் எத்தனையாவது ரீலில் வரும்? இன்று ராத்திரி படத்தைப் போட்டு, கடிகாரத்தை வைத்து ஒவ்வொரு ஷாட்டாக எண்ணப் போகிறேன். எது நீளமோ அதை நாளைக்கு இங்கே போடுகிறேன்.

வைகைக்கரை:
போடுங்கள். நாற்பது நிமிஷம் வந்தால் கூப்பிடுங்கள்.

ரீல்பெட்டி:
எந்த ரீல் என்று இப்போது எண் சொன்னால் தப்பாகிவிடும். இடைவேளை எங்கே விட்டோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். தாராபுரத்தாரே, எண்ணும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், சிரிப்பு வந்து கணக்கு விட்டுப்போகும். சட்டையில் மூன்றாவது பொத்தானைப் பாருங்கள்.